பெர்மிட் நானா

பண்டாரவளைக் கடைவீதியில் றவூப் என்ற பெயரைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம். அண்ணன் என்ற உரிமையில் ஊர் அழைத்த ‘பெர்மிட் நானா’வைத் தெரியாதவர்கள் இல்லை. அறுபதுகளின் கடைசியில் துவக்கும் தோட்டாவும் விற்கும் கடை வைத்திருந்தார். யார் உள்ளே வந்தாலும் ஸலாமுக்கு அடுத்த வார்த்தை, “பெர்மிட் ஈக்கா?” ‘இருக்கிறதா’ என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். தோட்டத்துத் துரை காரில் வந்து இறங்கினாலும் அதே கேள்வி. கச்சேரி என்ற அரசாங்க அலுவலகம் கொடுத்த பெர்மிட்டில் உள்ள ஆளும் எதிரில் நிற்கும் ஆளும் ஒருவர்தானா என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். மனிதனுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்றது ஊர். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போகும்.

அந்தப் பிடிவாதத்துக்குச் சோதனை சொந்தத்திலிருந்தே வந்தது. மகள் ஹம்ஸியாவை ஹல்துமுல்லை ஷுக்ரி ஹாஜியாரின் மகன் புவாதுக்குப் பேசி முடித்திருந்தார்கள். நாள் குறித்த கையோடு ஹாஜியார் கடைக்கு வந்தார். அவருடைய மரக்கறித் தோட்டத்தைப் பன்றிகள் உழுது தள்ளிக்கொண்டிருந்தன.

“நானா, அந்த ரெட்டைக்குழல எடுங்க.”

“பெர்மிட் ஈக்கா?”

ஹாஜியார் சிரித்தார். “கச்சேரியில கேட்டீக்கி. வந்தா காட்டுறன். நமக்குள்ள என்ன பெர்மிட்?”

“வரட்டும் ஹாஜியார். ஒங்களுக்குன்னு எடுத்து வெக்கிறன். இப்ப தர ஏலா.”

ஹாஜியாரின் முகம் சுண்டிப்போனது. “எனக்கே ஏலாதா? அப்ப கலியாணமும் ஏலாது!” விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் மனைவி பலீலா வெடித்தாள். “புள்ளட வாழ்க்கைய விட ஒரு துவக்கு பெருசா?”

“பெர்மிட் இல்லாம வித்தா கடைக்குப் பூட்டு, நான் மறியல்ல கம்பி எண்ணனும். அது கெடக்கட்டும். சம்பந்திக்குக் கேக்காம குடுத்துட்டு, நாளைக்கு அடுத்தவன்ட்ட எந்த வாயால கேக்கிற?”

சொன்னாரே தவிர, மனிதர் உள்ளுக்குள் நொறுங்கித்தான் போயிருந்தார். ஹம்ஸியாவின் அறை வாசலில் நின்று, கூப்பிடத் துணிவில்லாமல் திரும்பிப் போனார்.

ஹாஜியார் சும்மா இருப்பாரா? ஹாலிஎலவில் அஸீஸ் என்ற வியாபாரி எதுவுமே கேட்காமல் ஒரு துவக்கை நீட்ட, வாங்கிக்கொண்டு வீறாப்பாகத் திரும்பினார். அதே அஸீஸ் அதே மாதிரி விற்ற இன்னொரு துவக்கு, கொஞ்ச நாளில் ஒரு வழிப்பறிக்காரன் கையில் பிடிபட்டது. பொலிஸ் நூல் பிடித்துக்கொண்டு அஸீஸிடம் போனது. கடைக்கு சீல் விழுந்தது. அஸீஸ் மறியலுக்குப் போனார். ஹாஜியாரின் துவக்கும் பறிமுதலானது. ஊரே பார்க்க நீதவான் முன்னால் கைகட்டி நின்று, தண்டம் கட்டிவிட்டு வந்தார்.

மறுவாரம் அவர் றவூப் நானாவின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அஸீஸ் எனக்கும் தந்தான், அந்தக் கள்ளனுக்கும் தந்தான். அவனுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். நீங்கதான் நானா என்னய ஒரு ஆளா மதிச்சுக் கேட்டீங்க. என்ட மகனுக்கு இந்த வீட்டுப் பொண்ணுதான் வேணும்.”

பலீலா பூரித்துப்போய்த் தேத்தண்ணி போட ஓடினாள். றவூப் நானா மட்டும் தலையாட்டவில்லை. தன் பிடிவாதத்தால் உடைந்த கலியாணத்தைத் தானே ஒட்டவைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஹம்ஸியா நின்றிருந்த உள்வாசல் திரைப் பக்கம் திரும்பினார்.

“மகள், ஒன்ட பெர்மிட் ஈக்கா?”

திரைக்குப் பின்னால் அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல் கேட்டது.

“ஈக்கி வாப்பா.”