வெடிப்பதற்கு முந்திய பூனை

ஜப்பான் கார்ட்டூன் உசத்தியா, அமெரிக்கக் கார்ட்டூன் உசத்தியா என்று போன ஞாயிற்றுக்கிழமை டி.வி. முன்னால் நீங்கள் இரண்டு பேரும் தலையணையால் அடித்துக்கொண்டீர்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்திய அப்பனை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இந்த வழக்கில் நானும் ஒரு சாட்சி.

அறுபதுகளில் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் கல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பட்டாசு லேபிளைக் கல்லில் வரைந்துதான் அச்சடிப்போம். அச்சு முடிந்ததும் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துப் படத்தை அழிப்பது என் வேலை. லட்சுமியையும் முருகனையும் தினமும் அழித்தேன். பாவமெல்லாம் கம்பெனியைச் சேரும்.

சீசன் நேரத்தில் படம் வரைகிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நாரணாபுரத்துப் பட்டாசு முதலாளி ஒருவர் புது வெடிக்கு லேபிள் கேட்டார். வெள்ளைக்காரன் பொம்மைப் படத்தில் வருமே, வெடியில் மாட்டிக்கொள்கிற பூனை, அது வேண்டுமாம்.

"ஏலே, நீதான் கரியால செவுத்துல கிறுக்குவியே, நீயே வரை" என்றார் மேஸ்திரி. "தேறிச்சுன்னா படம் வரையுற மேசையில ஒக்காரு. தேறலைன்னா சாகுற வரைக்கும் கல்லுதான்."

பூனையைப் பார்த்து வர மதுரைக்கு அனுப்பினார்கள். காலைக் காட்சி. முதலில் வெள்ளைக்காரன் துண்டுப்படம். பாறை விழுந்து பூனை அப்பளமானது, எழுந்து ஓடியது. வாயில் வெடி வெடித்து முகம் கரியானது, பல்லைக் காட்டியது. ஐந்து நிமிடத்துக்குள் ஒன்பது தடவை செத்திருக்கும். கொட்டகையே சிரித்தது, நானும்தான்.

அடுத்து ஜப்பான்காரன் படம். ஒரு நரிக்குட்டி, கண் ஒவ்வொன்றும் பணியாரம் அளவு. அதன் தாய் அடிபட்டு விழுந்தது. இப்போது எழுந்துவிடும் என்று காத்திருந்தோம். எழவில்லை. குட்டி சும்மா நின்றது. திரையில் எதுவுமே அசையவில்லை.

"ரீல் மாட்டிக்கிச்சுடோய்!" என்று விசில் பறந்தது. ஆபரேட்டரின் வம்சத்தையே இழுத்தார்கள். அப்போது குட்டியின் கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு இறங்கியது. என் பக்கத்தில் விசில் அடித்தவன் வாயில் வைத்த விரலை எடுக்க மறந்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். குட்டி பேசினால் வாய் மட்டும் அசைந்தது. உடம்பு அதே படம். நாங்களும் ஒரே முருகனை வைத்துக்கொண்டு கம்பெனிப் பேரை மட்டும் மாற்றி நாலு பேருக்கு அடித்துக் கொடுப்போம். ஜப்பான்காரன் சிவகாசியில் பிறந்திருக்க வேண்டியவன்.

ஆனால் கேட்டது வெள்ளைக்காரப் பூனை. கருகின முகமும் முப்பத்திரண்டு பல்லுமாக வரைந்து, ஒரு பிரதி அடித்து, பெட்டிக்கு அளவு சரியா என்று பார்க்க நாரணாபுரம் போனேன். லேபிள் ஒட்டுகிற அக்கா அதை வாங்கினாள். அவள் இடது கையில் இரண்டு விரல் கிடையாது. முன்னே வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவள்.

"ஏன்யா, மூஞ்சியில வெடிச்சா எங்கனயாச்சும் சிரிப்பு வருமா?"

"சும்மா வேடிக்கைக்குக்கா."

"அப்ப எங்க மொதலாளிய ஒண்ண வாயில கவ்விக்கிட்டு நிக்கச் சொல்லு. சிரிக்காகளான்னு பாப்போம்."

சுற்றியிருந்த பெண்கள் பசை ஒழுகச் சிரித்தார்கள். எனக்கு அதற்குமேல் அந்தப் பூனையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து, நானே தேய்த்து அழித்தேன்.

புதுசாக வரைந்தேன். திரியில் பொறி ஏறுகிறது. பூனை நாலடி தள்ளி நின்று காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. கண் பணியாரம் அளவு. வெடி இன்னும் வெடிக்கவில்லை.

"கேட்டது வெடிச்ச பூனை. நீ வெடிக்காத பூனையக் குடுத்தா நான் வெடிப்பேம்லே" என்றார் மேஸ்திரி. வேறு வரைய நாளில்லை. இரண்டு பேரும் முதலாளி முன்னால் போய் நின்றோம்.

"என்னலே, ஒண்ணும் நடக்கலையே?" என்றார் முதலாளி.

"இனிமேத்தான் நடக்கும் அண்ணாச்சி. வாங்குறவுக வீட்ல" என்றேன்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அதுவுஞ் சரிதான். வெடிச்சு முடிச்ச வெடிய எவன் வாங்குவான்? அடிங்க." மேஸ்திரியின் முதுகில் தட்டினார். "பய அப்படியே வெள்ளைக்காரன் மாதிரியே வரைஞ்சிருக்கான் பாத்தீகளா!"

ஜப்பான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "ஆமா அண்ணாச்சி" என்றேன். மறுநாளிலிருந்து மேசையில் உட்கார்ந்தேன்.