கறுப்பு ஒயர்

தாராவியில் வெயிலுமுத்துவிடம் "நீ செஞ்சது தப்பு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் கிடையாது. ஆள் நல்லவர்தான், வாய்தான் அப்படி. தோல் கிடங்கில் பன்னிரண்டு வருடம் நாற்றத்தில் உழைத்து, மோட்டார் ஒயரிங்கைத் தானாகவே கற்றுக்கொண்டு, 1946இல் பக்கத்துச் சயானில் ஒரு சின்னப் பட்டறையில் தற்காலிகமாகச் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட சுழல்மேஜை ஒன்று அங்கே கிடந்தது. கைப்பிடியை எவ்வளவு திருப்புகிறோமோ, மோட்டார் ஓடி மேஜையும் அவ்வளவே திரும்பி நிற்க வேண்டும். இதைச் சரிசெய்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மறுபடி தோல் கிடங்குதான் என்று முதலாளி சங்கரன் சொல்லிவிட்டார்.

கூட வந்த புத்தகம் இங்கிலீஷ். மாதுங்காவிலிருந்து வரும் குமாஸ்தா வேங்கடசுப்ரமணியன் படித்துச் சொன்னார்.

"மேஜை எங்கே நிக்கறதுன்னு சேதி திரும்பி வரணுமாம். நெகடிவ் ஃபீட்பேக்னு போட்டிருக்கான்."

"நெகட்டிவ்னா கறுப்பு ஒயர்லா! போதும் சாமி, இது எனக்குத் தெரியும்."

சேதி கொண்டுவரும் ஒயரை, மோட்டாரை ஓட்டும் ஆம்ப்ளிபயரின் கறுப்பு முனையில் முடுக்கினார். ஸ்விட்சைப் போட்டதும் மேஜை குறியைத் தாண்டி ஓடி முட்டியது. பல்சக்கரத்தில் இரண்டு பல் போயிற்று. மாற்றுச் சக்கரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

குமாஸ்தா மிச்சத்தையும் படித்தார். "நெகடிவ்னா இங்கே எதிர்னு அர்த்தம், ஓய். மேஜை அதிகமாப் போனா பின்னாடி இழுக்கணும். நீர் பண்ணினது, ஓடறவனை முதுகுல தள்ளிவிட்ட கதை."

திட்ட வாயெடுத்த வெயிலுமுத்து, உடைந்த சக்கரத்தைப் பார்த்து அடங்கினார். மாற்றுச் சக்கரத்தைப் பூட்டி, ஒயரைக் கறுப்பு முனையிலிருந்து எதிர் முனைக்கு மாற்றினார். ஸ்விட்சைப் போட்டார். மேஜை குறிக்கு வந்து, நிற்காமல் இப்படியும் அப்படியும் ஆடியது. அவர் ஆம்ப்ளிபயரின் திருகைக் கொஞ்சம் குறைத்தார். இழுப்பின் வேகம் தணிந்து, மேஜை குறியிலேயே நின்றது.

சங்கரன் வந்து உடைந்த சக்கரத்தைக் கையில் எடுத்தார். "இது யார் வேலை? குமாஸ்தா தப்பாப் படிச்சுட்டாரா?"

வெயிலுமுத்து ஆமாம் என்றால் தீர்ந்தது, பழி குமாஸ்தாவோடு போய்விடும்.

"அவுக சரியாத்தான் படிச்சாக. தப்பு எம்மேலதான், மொதலாளி." பழக்கமில்லாத வார்த்தை, நாக்கு இரண்டு தடவை தடுக்கியது.

வீட்டுக்குப் போனதும் மனைவி முருகம்மாளிடம் முதலில் அதைத்தான் சொன்னார். "தப்பு எம்மேலதான்னு மொதலாளிட்ட சொல்லிட்டேன்."

பதினைந்து வருடக் குடித்தனத்தில் அவள் கேட்டறியாத பேச்சு அது. கரண்டியோடு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"வேல போயிட்டா?"

"இல்ல பிள்ள. வேல நெலச்சிட்டு."