இரண்டு பெனியனோடு மலை ஏறியது

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்கு, என் மனைவி என்னைக் காரில் ஏற்றினாள். பனியில் சறுக்கும் ஸ்கீ, அதன் ஊன்றுகோல், தேர்மோஸ், கடைசியாக நான் என்ற ஒழுங்கில் ஏற்றினாள்.

அப்போது நான் மூன்று மாதமாகச் சுகயீன விடுப்பில் இருந்தேன். உடம்பில் கோளாறு இல்லை. யாரும் சாகவில்லை, ஒன்றும் பறிபோகவில்லை. உள்ளே யாரோ கடையைப் பூட்டிவிட்டுப் போனதுபோல, அவ்வளவுதான். கவலையா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். சந்தோசமா? அதுவும் இல்லை. பிறகு எப்படி? இருக்கிறேன் என்றேன். அதை அவர் கவனமாக எழுதிக்கொண்டார்.

பிரச்சினை மனைவிக்குத்தான். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அவளுக்கு, நோர்வேயின் வடக்கே தொலைவில் ஒரு சிறு நகரத்தில் பொறுப்பாளர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "போகட்டோ?" என்று ஒரு கிழமையாகக் கேட்டாள். நானும் ஒரு கிழமையாக "உம்மடை விருப்பம்" என்றேன். எங்கள் ஆட்களில் ஒரு புருசன் அப்படிச் சொன்னால், போகாதே என்று கருத்து. இல்லாவிட்டால், போய்த் தொலை என்று கருத்து. என் முகத்தில் இரண்டையும் தேடிப் பார்த்து அவள் களைத்துவிட்டாள்.

ஐம்பது வயதில், கூட வேலை செய்யும் நோர்வேஜியப் பெண்களிடமிருந்து இந்த மலைப் பைத்தியம் அவளுக்குத் தொற்றியிருந்தது. மேலே இழுத்துக்கொண்டுபோகும் கம்பியெல்லாம் கிடையாது. ஸ்கீயின் அடியில் வழுக்காத பட்டி ஒட்டி, சொந்தக் காலால் ஏறி, பிறகு சறுக்கி இறங்க வேண்டும். பின்னேரம் அவளுக்கு வேலை. அதனால்தான் விடிய முன்னமே புறப்பாடு.

ஒஸ்லோவிலிருந்து திராமன் நகரம் தாண்டி இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடி மலையடியில் இறங்கினோம். மைனஸ் பன்னிரண்டு. எதுவும் உறைக்காத மனிதன் என்பதால் நான் நன்றாகவே ஏறினேன். வியர்த்துக் கொட்டியது. பாதி வழியில், காற்று அடிக்கிற ஒரு மேட்டில் தேத்தண்ணீருக்கு நின்றபோது என் பற்கள் அடிக்கத் தொடங்கின. கோப்பை கையில் நிற்கவில்லை.

"உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறியள்?" என்றாள்.

"நீர் எடுத்துவைச்ச கம்பளிதான்."

"அதுக்கும் உள்ளுக்கு?"

நான் தூரத்து மலையை ரசித்தேன். கம்பளி கடிக்கும் என்று, அதற்குள் பருத்திப் பெனியன் போட்டிருந்தேன். ஒன்றல்ல, இரண்டு. பருத்தி வியர்வையைக் குடித்து ஆளை விறைக்க வைக்கும் என்று இந்த நாட்டில் பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருடம் இங்கே இருந்தும், பெனியன் இல்லாமல் வெளிக்கிடுவது எனக்கு உடுப்பில்லாமல் வெளிக்கிடுவதுதான்.

"கழட்டுங்கோ."

"இஞ்சையோ?"

"இல்லை, கலியாண மண்டபத்திலை. கழட்டுங்கோ எண்டுறன்!"

அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மேலில் ஒன்றுமில்லாமல், வயிற்று வண்டி குலுங்க நான் நின்ற நேரம் பார்த்து ஒரு நோர்வேஜியச் சோடி நாயோடு வந்தது. ஒன்றையுமே காணாததுபோல் எங்களுக்கு நல்ல பயணம் வாழ்த்திவிட்டு மேலே போனது. நாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மனைவி தன் பையிலிருந்த மாற்றுக் கம்பளிச் சட்டையை என் தலைக்கு மேலால் இழுத்து மாட்டினாள். ஊதா நிறம், பெண்கள் சட்டை. கழற்றிய பெனியன்கள் இதற்கிடையில் அப்பளம்போல் விறைத்திருந்தன. ஒன்றைத் தூக்கிக் காட்டினேன், சிரிப்பாள் என்று. அவள் அழுதாள்.

"இவ்வளவு குளிர்ந்தும் உங்களுக்குத் தெரியேல்லை, என்ன?"

"தெரியேல்லை."

"நான் இல்லாட்டி என்ன செய்திருப்பியள்?"

"விறைச்சிருப்பன்."

"பகிடி விடாதேங்கோ."

வாழ்க்கையில் முதல்முறையாக நான் பகிடி விடவில்லை.

கைபேசியை எடுத்து நீட்டினாள். வேலைக்கு வருகிறேன் என்ற பதிலை எழுதி முடித்திருந்தாள். "அனுப்புறதெண்டா நீங்களே அனுப்புங்கோ. உம்மடை விருப்பம் எண்டு இன்னொருக்காச் சொன்னியளெண்டா, இதிலையே விட்டிட்டு இறங்கிடுவன்."

கையுறையைக் கழற்றி உடனே அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. விரல் அவ்வளவு குளிர். கைபேசி என்னை ஒரு ஆளாகவே எடுக்கவில்லை. ஆனால் நான் யோசிக்காமல் அழுத்தியதை அவள் பார்த்துவிட்டாள். போய்த் தொலை என்றே எடுத்திருப்பாள்; முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

விரலைக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கினேன். இரண்டு நிமிடம் எடுத்தது. ஒஸ்லோவில், ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டில் அவள் இல்லாமல் ஒரு காலையை நினைத்துப் பார்த்தேன். துக்கம் வருமென்று காத்திருந்தேன். அது வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது, பதினெட்டு வருடம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவனுக்கு வரக்கூடிய கேள்வி.

"அங்கை பஸ் ஓடுதோ?"

அவள் திரும்பவில்லை. "நாலு லைன் ஓடுது. ஓட்ட ஆளும் தேடுகினம். போன கிழமையே பாத்திட்டன்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்களாக் கேக்கவேணும் எண்டு."

அழுத்தினேன். இந்த முறை போனது. சந்தோசம் பொங்கியது என்று எழுதினால் பொய். விரலில் இரத்தம் திரும்பி, ஊசியால் குத்துவதுபோல் இருந்தது.

"நோகுது" என்றேன்.

"எவ்வளவு?"

"நல்லா."

அதுவும் நோகட்டும் என்று அவள் என் மற்றக் கையுறையையும் கழற்றினாள்.