பதினாறாம் நம்பர் ஊசி

இன்று வார்டில் ஒரு தையல்கார ராத்தா நர்ஸான என்னிடம் ஊசிக்குப் பேரம் பேசினார்.

அந்த அக்காவுக்கு ரத்தம் தடித்துப்போகும் நோய். ஒரு பை ரத்தம் எடுத்துவிடச் சொல்லியிருந்தார் டொக்டர். தட்டில் பதினாறும் பதினெட்டும் இருந்தன. பதினாறைக் கண்டால் பயந்துவிடுவாரோ என்று எனக்குத் தயக்கம்.

உறையில் இருந்த நம்பரைப் பார்த்தார்.

"மிஸ்ஸி, பதினெட்டு வாணாம். அது ஜீன்ஸ் தைக்கிற ஊசி. சின்னதா பதினாறப் போடுங்க."

"ராத்தா, அது உங்கட மெஷினுக்கு. எங்கட ஊசியில நம்பர் குறையக் குறையத் தடிப்பு" என்று இரண்டையும் உறையோடு காட்டினேன்.

இரண்டு உறைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ட ரத்தம் தடிப்பு எண்டுதானே சொன்னீங்க? தடிச்ச துணிக்கு மெல்லிய ஊசி சரிவராது. பிஸ்மி சொல்லிப் பதினாறையே போடுங்க."

"ஆடாம இருங்க" என்றேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. பை மளமளவென்று நிறைந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

போகும்போது சொன்னார்: "பெருநாள் சட்டைக்குத் துணி கொண்டு வாங்க. அளவெடுக்கக்குள்ள நீங்களும் ஆடாம இருக்கணும்."

ஆடாமல் நிற்பேன். சட்டை பெருநாளைக்கு முதல் வருமா, பிறகு வருமா? தைக்கக் கொடுத்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.