கரையில் நிற்கும் வள்ளத்துக்கு ஒரு வாளி

எங்கள் அப்பாவை அடக்கம் செய்து இன்று முப்பத்தோராம் நாள். பூசைக்கு வந்திருக்கும் உறவினருக்கும் ஊரவருக்கும் மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

அப்பா யாழ்ப்பாணக் கரையில், குருநகரில் பிறந்தவர். மீசை அரும்பும் முன்பே பாய்க்கப்பலில் ஏறித் தூத்துக்குடி ஓடுகளை ஊர்காவற்றுறையில் இறக்கியவர். கல்யாணத்தின் பின் சொந்த வள்ளத்தில் தொழில் செய்தார். யேசு பாலன் பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள் மட்டும் அதில் வலை ஏறாது. பிள்ளைகள் நாங்கள் ஏறுவோம். கோட்டையை வலப்பக்கம் விட்டு மண்டைதீவு வரை பாய் விரித்துப் போவார். வழியெல்லாம் பறங்கியர் கதை, ஒல்லாந்தர் யானைகளைக் கப்பலேற்றிய கதை. பலகாரத்தில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். அதையும் தின்போம்.

பிறகு சண்டை வந்து, கடலுக்குப் போக அரசாங்கத் தடை என்றார்கள். தடை போட்டவர்களுக்கு நெத்தலி எது, சூடை எது என்று தெரியாது. வள்ளம் கரையேறியது. அப்பா தினமும் கடல்நீர் அள்ளி அதற்கு ஊற்றினார். அம்மாவின் தம்பி, எங்கள் சின்னமாமா, சிரித்தார்.

“என்ன அத்தான், வள்ளம் முளைக்குமெண்டு பாக்கிறியளோ?”

“காய விட்டாப் பலகை பிளந்துபோம் மச்சான். நாளைக்குக் கடல் திறந்தா நீ நீந்தியே வரப்போறாய்?”

பேரப்பிள்ளைகளை ஒருமுறையாவது கடலில் கொண்டுபோக வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. போன நத்தாருக்கு, கரையில் நின்ற வள்ளத்திலேயே அவர்களை ஏற்றினார். இருமி இருமிக் கோட்டையைக் காட்டினார். யானைக் கதை சொன்னார்.

“அம்மப்பா, எப்ப இறங்கிறது?” என்றாள் என் கடைக்குட்டி.

“நடுக்கடல்லை இறங்கேலாது மோனை. பேசாமல் இரு. கடல் திறக்கட்டும், இன்னும் தூரம் கூட்டிக்கொண்டு போவன்.”

கடல் திறக்கவில்லை. பாதை பூட்டியதால் நெஞ்சு வருத்தத்துக்கு மருந்தும் வரவில்லை. மருந்து இருந்திருந்தால் அப்பா இருந்திருப்பார். இதை நான் மெல்லமாகச் சொல்லப் போவதில்லை.

செத்தவீட்டிலேயே சின்னமாமா, “இனி உது என்னத்துக்கு? பலகையைக் கழட்டிக் குண்டுக்கு ஒளிக்கிற பங்கருக்கு மேலை போடுவம்” என்றார். அன்று அழுதுகொண்டிருந்தேன். இன்று எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்: ஒரு ஆணியும் கழற்ற விடமாட்டேன்.

அப்பாவைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உருட்டிய அயலவருக்கும், குழி வெட்டியவர்களுக்கும், செபித்த சுவாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மலர்வளையம் கொண்டுவர நினைத்தவர்கள் கொண்டுவர வேண்டாம். பூசை முடிந்து போகும்போது கரைப்பக்கம் வாருங்கள். வாளி வள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆளுக்கு ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போங்கள். சின்னமாமா, நீங்களுந்தான்.