கைகொடுக்கக் கால் மணி நேரம் எடுக்கும் கோயில்

கொழும்பில் நான் போகும் கத்தோலிக்கக் கோயிலில், பூசை நடுவே பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சமாதானம் சொல்ல அரை நிமிடம் போதும். வலப்பக்கம் ஒரு தலையாட்டு, இடப்பக்கம் ஒரு தலையாட்டு, முடிந்தது. கடந்த பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, அப்படி முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. சொந்த அண்ணியோடு பேசி இரண்டு வருடம். இந்த லட்சணத்தில் பாடகர் குழுவில் முதல் வரிசை வேறு!

தப்பு என்னுடையதுதான், மறைக்க மாட்டேன். அண்ணன் மகளின் ஞானஸ்நானத்துக்கு அண்ணி ஒற்றை ஆளாக நின்று ஐம்பது பேருக்குப் புரியாணி போட்டார். நான் பந்தியில் உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "இத மனுசன் திம்பானா? உப்புச் சட்டிய கவுத்துட்டீங்களா?" என்றேன். அண்ணி அடுப்படிக்குள் போய் அழுதார். அண்ணன், "இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மன்னிப்புக் கேட்க மட்டும் அது நீளவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அண்ணன் குடும்பம் இருக்கும் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, நானும் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து ஹட்டன் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ், ஐந்தரை மணி நேரம். கினிகத்தேனை தாண்டியதும் குளிர் பஸ்ஸுக்குள் ஏறிவிடும். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காதீர்கள். இரவு ஹட்டனில் தோழி வீட்டில் தங்கி, ஞாயிறு காலை ஆறரைக்கு மஸ்கெலியா பஸ் பிடித்தேன். சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம், நின்றுகொண்டேதான் போனேன். நீர்த்தேக்கம் கண்ணில் பட்டதும் கால்வலி மறந்துவிட்டது. ஏழே முக்காலுக்கு இறங்கினேன்.

அங்கிருந்து தோட்டம் நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய். ஓட்டுநர் நெற்றி நிறையத் திருநீறு.

"திரும்ப எத்தன மணிக்கு வரட்டும் அக்கா?"

"எட்டரைக்குப் பூச. பத்து மணிக்கு முடிஞ்சிரும்ல?"

சிரித்தார். "அந்தக் கோயில்லயா? கை குடுக்கிறதுக்கே கால் மணி நேரம் எடுப்பாங்க. முடிஞ்சதும் ஃபோன்ல ஒரு கோல் எடுங்க, வாறேன்."

ஃபாதர் மாதம் ஒரு தடவைதான் வருவார் என்பதால் சின்னக் கோயில் நிறைந்திருந்தது. நான் கடைசி வாங்கின் நுனியில் ஒண்டி உட்கார்ந்தேன். அண்ணி முன்னால், இடுப்பில் குழந்தை. அண்ணன் டோலக் அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு தட்டுத் தவறியது.

சமாதானம் சொல்லும்படி ஃபாதர் சொன்னதுதான் தாமதம், வாங்குகள் காலி. ஆளுக்கு ஆள் நடந்து போய்க் கையைப் பிடிக்கிறார்கள், காய்ச்சல் விட்டதா என்று விசாரிக்கிறார்கள். ஒருவர் மிச்சமிருந்தாலும் அடுத்த பாட்டை எடுக்க மாட்டார்கள். அங்கே அதுதான் வழக்கம். நான் கொழும்புப் பழக்கத்தில் அண்ணியின் முதுகைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா விடவில்லை.

"என்னங்க, நின்ன எடத்துலயே கும்பிடுறீங்க? போய் கையப் புடிங்க. பாட்டு நிக்குதுல்ல?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. அண்ணி கையை உதறிவிட்டால் என்ன செய்வேன்? நடந்தேன்.

"அண்ணி, சமாதானம்" என்று ஆரம்பித்தவள், "அன்னைக்கு நான் பேசினது பெரிய தப்பு, மன்னிச்சிருங்க" என்று அழுதுவிட்டேன்.

அண்ணி கை கொடுக்கவில்லை. குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "இந்தா, அத்தகிட்ட போ." பிறகு என் காதருகே, "உப்பு கூடத்தான் ரீட்டா. நான் பாக்காத நேரம் உங்கண்ணன்தான் ரெண்டாந்தடவ அள்ளிப் போட்டாரு. இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் டோலக்கில் அடித்த அடியில் பாட்டு ஓட்டமாக ஓடியது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்து எத்தனை நாளாயிற்று!

சமாதானம் ஜெபித்தால் தானாக மனசில் வந்து இறங்கும் என்று நம்பியிருந்தேன். இந்த ஜனங்கள் அதற்காக எழுந்து நடக்கிறார்கள். நடக்கத் தயங்குகிறவளுக்காகப் பாட்டை நிறுத்திக் காத்திருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: எந்த ஞாயிறு பூசை என்று விசாரித்துவிட்டுப் போங்கள். மழை நாளில் காலில் அட்டைப்பூச்சி ஏறும், சப்பாத்து அவசியம். முக்கியமாக, திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிவிடுங்கள். நான் அன்றே இரண்டு மணி பஸ்ஸில் திரும்புவதாக இருந்தேன், அண்ணி விடவில்லை. மறுநாள் காலை அவர் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே அலுவலகத்துக்குக் கோல் எடுத்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

"வீட்டுல இருக்கேன்" என்றேன்.