கண்ணாடிக் கடை அக்கா எண்ணிய இதழ்கள்

'ஹா' என்று ஒரு ஊது. உள்பக்கம் ஒரு துடை, வெளிப்பக்கம் ஒரு துடை. பிறகு கையை நீட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். தூசி தும்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூக்குக்கண்ணாடி அதன் சொந்தக்காரர் கைக்குப் போகும். "அவசரமா? அப்ப அழுக்கோட எடுத்துட்டுப் போங்க" என்பார், கையை நிறுத்தாமல்.

எங்கள் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. தெருவுக்கே அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த பல் டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். கடை ஜன்னலில் வெயில் படும் இடமெல்லாம் சின்னச் சின்னத் தொட்டிகள். அத்தனையும் சதைப்பற்றான இலை கொண்ட செடிகள். புது ஃபிரேமோடு வரும் டம்மி பிளாஸ்டிக் லென்ஸை மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். அக்கா அதில் மார்க்கர் பேனாவால் செடியின் பெயரை எழுதி மண்ணில் செருகிவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் தொட்டிக்கு ஒரு கண் முளைத்த மாதிரி இருக்கும்.

பெயர் தெரியாத செடியோடு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். செல்போனில் படம் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "போட்டோவைக் கிள்ளினா சாறு வருமா?" இலை ஓரத்தை நகத்தால் கிள்ளி, பூதக்கண்ணாடியில் பார்ப்பதுதான் அவர் முறை. பால் கசிந்தால் கள்ளி; குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. தண்ணீராகக் கசிந்தால் பாதிப் பயம் போயிற்று. மீதியை இலையின் வடிவம் சொல்லும்.

எங்கள் பால்கனியில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன தொட்டி ஒன்று கிடந்தது. ரோஜாப்பூ போல அடுக்கிய தடித்த இலைகள், விளிம்பில் சிவப்பு. பிழைக்க வந்த ஊரில் குழாய்த் தண்ணீரிலிருந்து தபால் பெட்டி வரை எனக்கு எல்லாமே சந்தேகம். போதாததற்கு, கைக்குக் கிடைத்ததை வாயில் போடும் இரண்டு வயது மகள். செல்போன் செயலி ஒரே செடிக்கு நான்கு பெயர் சொன்னது. இலையை அக்காவிடம் கொண்டுபோனேன். கிள்ளினார், பார்த்தார்.

"பால் இல்ல. எச்செவேரியா. பாப்பா கடிச்சாலும் வலி செடிக்குத்தான்."

லென்ஸில் எழுதியும் கொடுத்தார். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏழு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில் செடி பூத்திருந்தது. நெடிய தண்டில் வெளிர்மஞ்சள் கொத்துகள். பெருமையோடு ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா சிரித்துக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்து எண்ணினார். இரண்டாவது பூவையும் எண்ணினார். மூன்றாவது பூவில் சிரிப்பு நின்றது.

"தம்பி, இதுல இதழ் நாலு."

"சரிக்கா."

"என்ன சரி? எச்செவேரியாவுக்கு அஞ்சு. இது ரணகள்ளி ஜாதி. பேருலதான் கள்ளி, பால் வராது. அதுல சிலது நெஞ்சுக்கு ஆகாது, மேய்ஞ்ச மாடே சாய்ஞ்சிருக்கு. தொட்டி எங்க இருக்கு?"

"கீழதான். பால்கனித் தரையில."

"பாப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டார். நாற்காலியில் கண்ணாடிக்காகக் காத்திருந்தவரிடம், "பத்து நிமிஷம் உலகம் மங்கலாத் தெரிஞ்சா ஒண்ணும் ஆகாது சார்" என்றார். அக்கா ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. லிஃப்ட்டுக்கு நிற்காமல் மூன்று மாடியும் படியேறினார். நான் பின்னால்.

மனைவி கதவைத் திறந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு மகள் ஒரு கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா அந்தச் செடியைத் தின்னுச்சாம்மா?"

"எட்டினாத்தானே? இவர் வெளிய போனதும் தூக்கி அலமாரி மேல வச்சுடுவேன். வர்றதுக்குள்ள இறக்கிட்டு, பால்கனிக் கதவைச் சாத்திடுவேன். இன்னைக்கும் படி இறங்கினாரு, நான் ஏத்திட்டேன்."

"ஏழு மாசமாவா?" என்றேன்.

"அக்கா சொல்லிட்டாங்கன்னா உங்களுக்கு வெளுத்ததெல்லாம் பால். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "நீ செஞ்சதுதான் சரிம்மா. பூக்குற வரைக்கும் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. அவசரப்பட்டுட்டேன்."

"ஒண்ணும் ஆகலையே, விடுங்கக்கா" என்றேன். காதில் வாங்கவில்லை.

"தூக்கிப் போட்டுடவா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அது என்ன பண்ணுச்சு? இனிமே மேலயே இருக்கட்டும்" என்றாள் மனைவி.

அக்கா எழுந்து, அலமாரி மேலிருந்த தொட்டியிலிருந்து லென்ஸை உருவினார். 'எச்செவேரியா' என்ற எழுத்தை அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே பொடியாக எழுதினார்: 'ரணகள்ளி வகை. முழுப் பெயர் தெரியாது. வாயில் வைக்கக் கூடாது.' மை காயும் வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, எழுதாத பின்பக்கத்தில் 'ஹா' என்று ஊதி, ஒட்டியிருந்த மண்ணைச் சட்டை நுனியால் துடைத்து, கையை நீட்டி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இன்னொரு முறை துடைத்தார். அப்புறம்தான் அதை என் மனைவியின் கையில் கொடுத்தார்.